ஒரே சம்பளம், ஒரே கார்டு: வட்டி மட்டும் ஏன் வேறு?

என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர். பக்கத்துப் பக்கத்து மேசை, ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே வங்கியின் ஒரே கிரெடிட் கார்டு. ஒரு நாள் பேச்சுவாக்கில் இருவரும் ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தார்கள். அவனுக்கு ஆண்டு வட்டி 19 சதவீதம். அவளுக்கு 27. அவள் முகம் வாடிவிட்டது. “ஒரு மாசம்கூட நான் கட்டாம விட்டதில்லையே அண்ணா, என்னை மட்டும் ஏன் இப்படி நினைக்கிறாங்க?” என்று கேட்டாள்.

அந்த “நினைக்கிறாங்க” என்ற சொல் என் மனதில் தங்கிவிட்டது. உண்மையில் வங்கி அவளைப் பற்றித் தனியாக எதையும் நினைக்கவில்லை. அவளை ஒரு கூட்டத்தில் சேர்த்தது, அந்தக் கூட்டத்துக்கு ஒரு விலை போட்டது. கார்டு வட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். எண்களை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும்.

ஆயிரம் பேர், ஆளுக்குப் பத்தாயிரம் கார்டு பாக்கி வைத்திருக்கிறார்கள், வருடம் முழுக்க அது அப்படியே நிற்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு கோடி. (எண்கள் எல்லாம் கணக்குக்கு வசதியாக நானே எடுத்துக்கொண்டவை. நாணயம் எதுவாக இருந்தாலும் சரி.) இந்த ஒரு கோடி வங்கிக்கும் சும்மா வரவில்லை. டெபாசிட் போட்டவர்களுக்கோ சந்தையில் கடன் கொடுத்தவர்களுக்கோ அது 6 சதவீதம் கொடுக்க வேண்டும் என்றால் 6 லட்சம் செலவு. ஸ்டேட்மென்ட் அனுப்புவது, மோசடியைக் கண்காணிப்பது, வாடிக்கையாளர் அழைத்தால் பேச ஆள் வைப்பது என்று இன்னொரு 5 லட்சம். லாபம் 3 லட்சம். ஆக 14 லட்சம். அந்த ஆயிரம் பேர் யாராக இருந்தாலும் இந்தத் தொகை பெரிதாக மாறாது.

மாறுவது அடுத்த வரிதான்: எத்தனை பேர் திருப்பிக் கட்டாமல் போவார்கள்? முதல் கூட்டத்தில் 20 பேர் என்று வைப்போம். 2 லட்சம் போயிற்று. 14-உம் 2-உம் சேர்த்து 16 லட்சத்தை மிச்சமிருக்கும் 980 பேரிடம், அவர்களுடைய 98 லட்சம் பாக்கியின் மேல் வசூலிக்க வேண்டும். அப்படியானால் வட்டி 16.3 சதவீதம். இரண்டாவது கூட்டத்தில் 120 பேர் கட்டவில்லை என்றால் 12 லட்சம் நஷ்டம். இப்போது 26 லட்சம் தேவை, அதைக் கொடுக்கப் போவது 880 பேர்தான். 88 லட்சத்தின் மேல் 26 லட்சம் என்றால் 29.5 சதவீதம்.

இதில் நஷ்டம் கூடுவதோடு அதைச் சுமக்கும் தோள்களும் குறைகின்றன. அதனால்தான் ஆபத்து கொஞ்சம் ஏறினாலே வட்டி இவ்வளவு தூரம் ஏறுகிறது. வீட்டுக் கடனில் ஆள் கட்டாவிட்டால் வீடு இருக்கிறது, வாகனக் கடனில் வாகனம் இருக்கிறது. பெரும்பாலான கார்டுகளுக்குப் பின்னால் அடமானம் எதுவும் கிடையாது. கட்டாத பணத்தில் பெரும்பகுதி போனது போனதுதான். கார்டு வட்டி மற்ற கடன்களின் வட்டியைவிட இவ்வளவு உயரத்தில் நிற்பதற்கு இது முக்கியமான காரணம்.

அந்த இரண்டாவது கூட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். ஆயிரத்தில் 880 பேர் கடைசிக் காசு வரைக்கும் ஒழுங்காகக் கட்டியவர்கள். ஆனாலும் அவர்களுக்கும் 29.5 சதவீதம்தான். இவர் கட்டுவார், இவர் கட்டமாட்டார் என்று வங்கிக்கு முன்கூட்டியே தெரிந்தால் அந்த 120 பேருக்குக் கார்டே கொடுத்திருக்காது. தெரியாததால்தான் கூட்டம் பிரித்து விலை போடுகிறது. உங்கள் கார்டில் வட்டி அதிகமாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அது உங்கள் நேர்மைக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும்போது உங்களைப் போலத் தெரிந்த இன்னும் சில ஆயிரம் பேருடைய பழைய கணக்கு அது.

சரி, யார் எந்தக் கூட்டம் என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதல் ஆதாரம் கடன் தகவல் நிறுவனங்கள் வைத்திருக்கும் உங்கள் கடன் வரலாறு. அதைச் சுருக்கி ஒரே எண்ணாகக் காட்டுவதுதான் கிரெடிட் ஸ்கோர். அமெரிக்காவில் பில் ஃபேர், ஏர்ல் ஐசக் என்ற இருவர் 1956-ல் தொடங்கிய நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த ஃபைகோ ஸ்கோர் இதில் பேர்போனது. அது 300 முதல் 850 வரை போகும். இந்தியாவின் சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. ஃபைகோ தன் கணக்கின் எடைகளைத் தோராயமாக வெளியே சொல்லியிருக்கிறது: கெடுவுக்குள் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், இப்போது எவ்வளவு கடன்பட்டிருக்கிறீர்கள் என்பதற்கு 30, கடன் வரலாறு எவ்வளவு பழையது என்பதற்கு 15, புதிதாகக் கேட்ட கடன்களுக்கு 10, எத்தனை வகைக் கடன்களைக் கையாண்டிருக்கிறீர்கள் என்பதற்கு 10.

இந்தப் பட்டியலில் சம்பளம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். வருமானத்தை வங்கி விண்ணப்பத்தில் கேட்கும், எவ்வளவு லிமிட் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய அது உதவும். ஆனால் ஸ்கோருக்குள் அது வருவதில்லை. கை நிறையச் சம்பாதித்துக் கெடு தேதியை அடிக்கடி மறப்பவரைவிட, குறைவாகச் சம்பாதித்து நாள் தவறாமல் கட்டுபவருக்கு ஸ்கோர் நன்றாக இருக்கலாம்.

என் சக ஊழியைக்கு வருகிறேன். அவள் முதல் கார்டு வாங்கியே ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அவனுக்கோ பத்து வருடப் பழைய கணக்கு இருக்கிறது. இது ஒரு காரணம். இன்னொன்றைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுடைய லிமிட் ஒரு லட்சம். வீட்டுச் செலவு முழுவதையும் கார்டிலேயே செய்வதால் மாதக் கடைசியில் 90 ஆயிரம் ஆகிவிடும். ஸ்டேட்மென்ட் வந்த அடுத்த வாரமே முழுத் தொகையையும் கட்டிவிடுவாள். அவளைப் பொறுத்தவரை அவளுக்குக் கடனே இல்லை. ஆனால் பெரும்பாலான வங்கிகள் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்புவது ஸ்டேட்மென்ட் போடும் நாளில் இருக்கும் பாக்கியைத்தான். அங்கிருந்து பார்த்தால் மாதா மாதம் லிமிட்டில் 90 சதவீதத்தைத் தின்றுவிட்டு மூச்சு முட்டி நிற்கும் ஒருத்திதான் தெரிகிறாள். கெட்டிக்காரத்தனமாகச் செலவு செய்பவளும் தவிப்பில் இருப்பவளும் அந்த ஒரு எண்ணில் ஒரே மாதிரி தெரிவார்கள்.

வரலாறே இல்லாதவர்களின் நிலைமை இன்னும் மோசம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், புதிதாக வேறொரு நாட்டுக்குக் குடிபோனவர்கள், எல்லாக் கணக்கும் கணவர் பெயரிலேயே இருந்த பெண்கள். இவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, ஆனால் கோப்பு காலியாக இருக்கிறது. காலிக் கோப்பை வங்கி நல்ல கோப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சரியாகத் தெரியாத ஆளுக்குக் கூடுதல் விலை என்பதுதான் வழக்கம். அதே சமயம், எதை வைத்தும் பிரிக்கலாம் என்றும் விட்டுவிடவில்லை. அமெரிக்காவில் 1974-ல் வந்த சட்டம் கடன் தருவதில் பாலினத்தையும் மண நிலையையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. 1976-ல் இனம், நிறம், மதம், வயது போன்றவையும் அதில் சேர்ந்தன.

இப்படி ஆளுக்கொரு வட்டி போடுவது பழங்காலத்திலிருந்து வரும் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1980-களின் கடைசி வரை அமெரிக்காவில் பெரும்பாலான வங்கிகள் கார்டு வைத்திருந்த எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வட்டிதான் போட்டன, 19.8 சதவீதம் என்பது அப்போது சகஜமான எண். ரிச்சர்ட் ஃபேர்பேங்க், நைஜல் மாரிஸ் என்ற இருவர்தான், ஒழுங்காகக் கட்டுபவரும் கட்டாதவரும் ஒரே விலை கொடுப்பது ஏன் என்று கேட்டு, வங்கி வங்கியாக ஏறி இறங்கினார்கள். சிக்னெட் என்ற வங்கி 1988-ல் இடம் கொடுத்தது. வெவ்வேறு கூட்டத்துக்கு வெவ்வேறு வட்டி, வெவ்வேறு கட்டணம் என்று அனுப்பிப் பார்த்து, யார் வாங்குகிறார்கள், யார் கட்டுகிறார்கள் என்று ஓயாமல் சோதித்தார்கள். அந்தக் கார்டுப் பிரிவுதான் பிற்பாடு கேப்பிடல் ஒன் என்று தனி நிறுவனமாயிற்று. இன்று கார்டு வியாபாரம் நடக்கும் முறைக்கு அதுவே அச்சு. நல்ல வரலாறு உள்ளவர்களுக்கு இதனால் வட்டி குறைந்தது, அதில் சந்தேகமில்லை. நடுவில் நிற்பவர்களுக்குத்தான் தன்னை எந்தக் கூட்டத்தில் வைத்தார்கள் என்றே தெரியாமல் போயிற்று.

ஆபத்து அதிகமானால் விலையை ஏற்றிக்கொண்டே போகலாமே, ஏன் சிலருக்குக் கார்டே மறுக்கப்படுகிறது என்ற கேள்வி இங்கே வரும். மேலே சொன்ன இரண்டாவது கூட்டத்துக்கு 29.5-க்குப் பதில் 50 சதவீதம் என்று சொல்லிப் பாருங்கள். வேறு வழி உள்ளவர்கள், அதாவது ஒழுங்காகக் கட்டக்கூடியவர்கள், முதலில் வெளியேறுவார்கள். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, பணம் கையில் வந்தால் போதும் என்பவர்கள் தங்குவார்கள். விலையை ஏற்ற ஏற்ற, கூட்டத்தில் கட்டாதவர்களின் பங்கு கூடும், நஷ்டமும் கூடும். ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸும் ஆண்ட்ரூ வைஸும் 1981-ல் இதைப் பொருளாதாரக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் வட்டியை ஏற்றுவதைவிடக் கதவைச் சாத்துவதே கடன் கொடுப்பவருக்கு லாபம்.

ஆபத்து ஒன்றுதான் வட்டியை முடிவு செய்கிறது என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் போட்டிக்கும் நம் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1980-களில் அமெரிக்க வங்கிகளுக்குப் பணம் கிடைக்கும் விலை நன்றாக இறங்கியபோதும் கார்டு வட்டி 18, 19 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றதை லாரன்ஸ் ஆசுபெல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1991-ல் எழுதிக் காட்டினார். அவர் காட்டிய காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பாக்கி வைக்கவே போவதில்லை என்று நினைத்துக் கார்டு வாங்குபவர் வட்டியைப் பார்ப்பதில்லை. பிறகு பாக்கி வைக்கிறார். வாங்கும்போது யாரும் பார்க்காத விலையைக் குறைக்க விற்பவருக்கு என்ன அவசரம்?

நம் கார்டு வட்டிக்குள் நம்மைப் பற்றியதே அல்லாத ஒரு பகுதியும் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான கார்டுகளின் வட்டி இரண்டு துண்டுகளால் ஆனது: பிரைம் ரேட் என்ற அடிப்படை விகிதம், அதன் மேல் உங்களுக்கென்று போட்ட கூடுதல் சதவீதப் புள்ளிகள். பிரைம் ரேட் அந்நாட்டு மத்திய வங்கி வைக்கும் வட்டி இலக்கின் மேல் எல்லையோடு 3 புள்ளி சேர்ந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் பிரைம் ரேட் 3.25 சதவீதம். 2023 ஜூலை முடிவதற்குள் அது 8.50. உங்கள் கூடுதல் 14 புள்ளி என்றால், நீங்கள் ஒரு தவறும் செய்யாமலேயே வட்டி 17.25-லிருந்து 22.50 ஆகியிருக்கும். அந்த நாட்களில் “என் வட்டி ஏறிடுச்சு, நான் என்ன பண்ணேன்?” என்று கேட்ட பலருக்கு இதுதான் பதில். உங்களைப் பற்றிய மதிப்பீடு அந்தக் கூடுதல் புள்ளிகளில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டேட்மென்டிலோ ஒப்பந்தத்திலோ அது தனியாக எழுதப்பட்டிருந்தால், பார்க்க வேண்டிய எண் அதுவே.

இந்த அளவுக்கு ஆளுக்கொரு விலை எல்லா நாட்டிலும் கிடையாது. இந்தியாவில் பெரும்பாலும் கார்டின் ரகத்தை ஒட்டி வட்டி வைக்கிறார்கள், சொல்வதும் மாதக் கணக்கில். மாதம் 3.5 சதவீதம் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். பன்னிரண்டால் பெருக்கினால் 42. வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 51 சதவீதத்தைத் தாண்டும். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது. பிரிட்டனில் விளம்பரத்தில் பெரிதாகப் போடும் பிரதிநிதி விகிதம், கார்டு கிடைப்பவர்களில் குறைந்தது 51 சதவீதம் பேருக்குப் பொருந்த வேண்டும் என்பது விதி. இதைத் திருப்பிப் படியுங்கள்: மீதி 49 சதவீதம் பேர் வரைக்கும் அதைவிட அதிகமாகக் கொடுக்கலாம். விளம்பரத்தில் பார்த்த எண் கார்டோடு வராததற்கு இதுதான் காரணம், அதை ஏமாற்று வேலை என்று சொல்லவும் முடியாது.

கார்டு கைக்கு வந்த பிறகும் மதிப்பீடு நிற்பதில்லை. இப்போது வங்கியிடம் வெளித்தகவலைவிட நல்ல தகவல் இருக்கிறது: உங்கள் சொந்த நடத்தை. மாதா மாதம் மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய சிறு தொகை) மட்டும் கட்டுகிறீர்களா, கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்கத் தொடங்கியிருக்கிறீர்களா, செலவு திடீரென்று மாறுகிறதா என்றெல்லாம் பார்த்து உள்ளுக்குள் ஒரு தனி ஸ்கோர் போடுவார்கள். முன்பு அமெரிக்காவில், வேறொரு கடனில் ஒரு தவணை தவறினால்கூட இந்தக் கார்டின் பழைய பாக்கிக்கும் வட்டியை ஏற்றிவிடும் வழக்கம் இருந்தது. 2009-ல் வந்த கார்டு சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. புதிய செலவுகளுக்கு வட்டியை ஏற்றுவதென்றால் 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஏற்கெனவே உள்ள பாக்கிக்கு, 60 நாளுக்கு மேல் கட்டாமல் விட்டது போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே ஏற்றலாம். ஏற்றியபின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனையும் செய்ய வேண்டும்.

அப்புறம், ஒரே கார்டுக்குள் ஒரே வட்டி இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். பணமாக எடுத்தால் பெரும்பாலும் தனி வட்டி, அதுவும் எடுத்த நாளிலிருந்தே. அறிமுகச் சலுகையாக வரும் பூஜ்ய வட்டிக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கும். ஸ்டேட்மென்டின் கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தில் இவை வரிசையாக இருக்கும்.

அன்று அந்த இருவரோடும் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் தலைகீழாயிற்று. அவள் ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையைக் கட்டுகிறாள். அதனால் 27 சதவீதம் என்ற எண் அவளிடமிருந்து இதுவரை ஒரு காசுகூட வாங்கவில்லை. 19 சதவீதக்காரன்தான் “கொஞ்சம் பாக்கி வெச்சா என்ன?” என்று ஒவ்வொரு மாதமும் ஒரு பகுதியை விட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். பல நாடுகளில், முழுத் தொகையைக் கட்டாவிட்டால், வாங்கிய நாளிலிருந்து கெடு தேதி வரை கிடைக்கும் வட்டியில்லாக் காலமே போய்விடும். மாத முதல் தேதியில் பத்தாயிரத்துக்கு வாங்கி, கெடு தேதிக்குள் ஒன்பதாயிரம் கட்டினால், வட்டி மிச்சமுள்ள ஆயிரத்துக்கு மட்டும்தான் என்று அவன் நினைத்திருந்தான். அப்படி இல்லை, வாங்கிய நாளிலிருந்து 50 நாளைக்குப் பத்தாயிரத்தின் மேல் கணக்குப் போட்டால் 19 சதவீதத்துக்கு ஏறக்குறைய 260 வருகிறது. 27 ஆக இருந்திருந்தால் 370. இரண்டு வட்டிக்கும் நடுவே உள்ள தூரம் 110. ஆனால் அந்த ஆயிரத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தால் இரண்டுமே பூஜ்யம். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இருந்தாலும் வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது நல்லதுதான், என்றாவது ஒரு மாதம் முடியாமல் போகலாம் இல்லையா? அவளிடம் மூன்று காரியம் சொன்னேன். முதலில் கடன் அறிக்கையை வாங்கி, தன்னுடையதல்லாத கடன் எதுவும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது, ஸ்டேட்மென்ட் போடும் நாளுக்கு நாலு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடச் சொன்னேன். செலவு அதே 90 ஆயிரம்தான், ஆனால் அறிக்கையில் ஏறும் பாக்கி பத்தாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. மூன்றாவது, ஆறு மாதம் பொறுத்து வங்கியை அழைத்து, “இத்தனை மாதமாக முழுத் தொகையும் கட்டியிருக்கிறேன், என் வட்டி விகிதத்தை மறுபரிசீலனை செய்ய முடியுமா?” என்று இதே சொற்களில் கேட்கச் சொன்னேன். கோபமோ கெஞ்சலோ வேண்டாம், முடியாது என்றால் காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள் என்றும் சொன்னேன். போன மாதம் கேட்டாள். எதிர்முனையில் இருந்தவர் இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது வட்டி 23 ஆகியிருந்தது.